பச்சைக்கறி நாய்

குளியலறைச் சுவரோரம் மண் கிளறிக் கிடந்ததைப் பார்த்ததும் பெருச்சாளி வேலை என்றுதான் மங்கை நினைத்தாள். கையிலிருந்த சாணிக்கூடையை இறக்கிவிட்டு, விளக்குமாற்றின் பின்கட்டையால் மண்ணைத் தள்ளினாள். முதலில் ஒரு கோழிக்கால் வந்தது. நகம் வெட்டாத, மஞ்சள் பூசிய கோழிக்கால். அதற்கடியில் ஈரல் துண்டு ஒன்று, எண்ணெய் தடவினாற்போல மினுமினுவென்று. அதற்கும் அடியில் உடையாத முழு முட்டை. அதன் ஓட்டில் குங்குமம் கரைத்துத் தெளித்தாற்போலச் சிவப்புத் திட்டுகள்.

அன்றைக்கு மாசி அமாவாசை. மேல்மலையனூருக்கு மயானக்கொள்ளை பார்க்கப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் விடிந்ததிலிருந்து ரோட்டில் ஆரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

மங்கை கத்துகிற ரகம். குழாயடியில் அவள் குடத்தை யாராவது நகர்த்தினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு அவளுக்குக் குரலே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே அவள் மகள் மணிமொழி குளித்துக்கொண்டிருந்தாள், ஏழு மாத வயிற்றோடு.

மணிமொழியை அவலூர்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு உரக்கடையில் வேலை. கல்யாணமாகி உண்டானது இரண்டுமே மூன்றாம் மாதம் தாண்டவில்லை. இந்தத் தடவைதான் தாண்டியிருக்கிறது. வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து மங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் இருமினால் எழுந்து உட்காருவாள். இருமாமல் கிடந்தால் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கண்ணில் இது பட்டால் என்ன ஆகும்? யார் வைத்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த அடுத்த பாதியில் ஓரகத்தி ஷோபனா இருந்தாள்.

மூச்சுக் காட்டாமல் எல்லாவற்றையும் பழைய முறத்தில் அள்ளிக் கொண்டுபோய் ஏரியில் எறிந்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஷோபனா மங்கையின் கொழுந்தன் வளவனின் பெண்டாட்டி. வளவனுக்கு லாரி. பெங்களூரில் லோடு ஏற்றினால் எந்த ஊரில் இறக்குவான் என்று அவனுக்கே தெரியாது. ஷோபனா பெங்களூரிலேயே பல வருஷம் ஒரு நாய் விடுதியில் வேலை பார்த்தவள். வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அப்படி யாரோ விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த நாய்க்கு அப்போது உடம்பெல்லாம் சொறி, முதுகில் ஒரு மயிர் கிடையாது. அதை எடுத்து வளர்த்துத் தேற்றி, பொங்கலுக்கு முன்னால் அதையும் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டாள். பேர் சோக்கு. பேருக்கேற்ற மாதிரி இப்போது தேன் நிறத்தில் மினுக்கிக்கொண்டு திரிந்தது.

நாய் வளர்ப்பது தெருவுக்குப் புதிதில்லை. மிச்சம் மீதியைக் கொட்டினால் தின்றுவிட்டு வாசலில் கிடக்கும், அதற்குப் பேர்தான் நாய். ஷோபனா அப்படி வளர்க்கவில்லை. அதற்குப் பச்சைக் கறி போட்டாள். வேப்பிலை கொதிக்கவைத்த தண்ணீரில் குளிப்பாட்டினாள். சாயங்காலம் அதன் பின்னங்கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். அதற்கு மனசு சரியில்லை என்று ஒருநாள் ஊரை ஒட்டிய மலைக்கோட்டைப் பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். பெற்ற பிள்ளை இல்லாதவள் நாயைக் கொஞ்சுகிறாள் என்று தெரு முதலில் பரிதாபப்பட்டது. பிறகு பச்சைக் கறி என்று தெரிந்ததும் அந்தப் பரிதாபம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மங்கை விஷயத்தைப் புருஷனிடம் கடலைக் கொல்லையில் வைத்துச் சொன்னாள். மல்லாட்டை பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பிடுங்கிப் போட்ட செடிகளைப் புளியமரத்து நிழலில் குவித்துக் கூலிப் பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மாசியிலேயே மலைப்பாறை சூடேறி, வெயில் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கிற மாதிரி இருந்தது. அரிகிருஷ்ணன் கூழைக் கரைத்துக் குடித்துக்கொண்டு, மாங்காய்த் துண்டைக் கடித்தபடி கேட்டுக்கொண்டான்.

"கொரங்கு கொண்டாந்து போட்ருக்கும். மலையிலருந்து எறங்குதுங்கல்ல."

"கொரங்கு மஞ்சா தடவி முட்டையப் பொதைக்குமா?"

"அதுக்கு நீ இன்னான்ற இப்ப?"

"நான் ஒண்ணியும் சொல்லல. பச்ச ஈரலு, மஞ்சா, முட்ட. இதெல்லாம் நம்ம தெருவுல யாரு வூட்ல பொழங்குது, நீயே சொல்லு."

"அது நாய்க்குப் போடுது மே."

"நாய்க்குப் போட்றது நாய் வவுத்துக்குத்தான போவணும். எம் பொண்ணு குளிக்கிற எடத்துக்கு ஏன் வருது? அமாவாசையும் அதுவுமா ஏன் வருது? தனக்கு ஒண்ணு தங்கலன்னு..."

"வாய மூடு" என்றான் அரிகிருஷ்ணன். கூழ்க் குண்டானைக் கீழே வைத்துவிட்டான். "எந் தம்பி பொண்டாட்டி அது. இந்தப் பேச்சு இன்னொரு தபா வந்துது, நான் மனுசனா இருக்க மாட்டன்."

செய்வினை என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடாத சொல் என்று மங்கைக்கும் தெரியும். ஆனால் சொல்லாமல் விட்டதால் மனசை விட்டுப் போய்விட்டதா என்ன? அன்றைக்கு முழுக்கக் காய் ஆய்கிறபோது ஒவ்வொரு காயையும் அவள் அந்தச் சொல்லோடுதான் பிய்த்தாள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மணிமொழிக்குச் சித்தி என்றால் உயிர். மங்கை கொல்லைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் ஷோபனாவோடுதான் பேச்சு. இரண்டு பாதிக்கும் நடுவே பின்பக்கம் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைகிற சந்து. மகளும் போய் வருவாள், நாயும் வந்து போகும்.

"ஏன்டி, அங்க போயி குந்திக்கினு இருக்கற? பச்சக் கறி வாட உனுக்கு ஆவாதுனு நர்சம்மா சொல்லிச்சில்ல?"

"சித்தி என்ன கறிப் பக்கமே வுட்றதில்லம்மா. உண்டானவங்க பச்சக் கறியத் தொடக் கூடாது, கிருமி இருக்கும்னு அதுவேதான் சொல்லிச்சி. சோப்பு போட்டு முழங்கை வரிக்கும் கழுவிட்டுத்தான் என்னாண்ட வரும்."

"கழுவுறது எதுக்குனு எனுக்கும் தெரியும்."

"எதுக்கு?"

மங்கை சாணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மகள் காதில் இதைப் போட்டால் பயந்துவிடுவாள், பயந்தால் வயிற்றுக்கு ஆகாது. வாயைக் கட்டிக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் எதுதான் தெரியாது? ஷோபனா வேலியோரம் துணி காயப்போட்டால் எதற்கு வேலியோரம் என்று இருந்தது. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள், சிரிக்காமல் போனால் என்ன மறைக்கிறாள்.

பங்குனி அமாவாசைக்கு முந்தின நாள், கொல்லைக்குப் போகாமல் நின்றுகொண்டாள். வேலிச் சந்தில் எட்டிப் பார்த்தால் ஷோபனா அருவாமனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்துப் பேசினில் கோழிக் கழுத்து, கால், ஈரல். சோக்கு இரண்டு முழம் தள்ளி, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

"இன்னா ஷோபனா, நாய்க்குப் பூசணிக்காயா?"

"வாங்கக்கா. வவுத்துக்கு நல்லது. போக்கா இருந்தாலும் கட்டும், கட்டிக்கினு இருந்தாலும் எளக்கும்."

"மஞ்சா?"

"புண்ணு வராது. ரெண்டு மொளகு தட்டிப் போட்டு எண்ணெயில கொழச்சாத்தான் மஞ்சா ஒடம்புல புடிக்கும்."

"முட்டைய ஒடைக்காம போட்ற?"

"ஓட்டுலதான்க்கா சுண்ணாம்புச் சத்து. அதுவே ஒடச்சித் தின்னும்."

"செவப்பா கெடக்குதே, அது?"

"பீட்ரூட்டு. மணிதான் துருவிக் குடுத்திச்சி."

மங்கையின் காதில் மகள் பேர் மட்டும்தான் விழுந்தது. மகள் கையாலேயே செய்ய வைத்திருக்கிறாள்.

"இத்தினி ஏன் பாடு? ஆக்கிப் போட்டா இன்னா, கொறஞ்சா பூடுவ?"

ஷோபனா கோபப்படவில்லை. இந்தக் கேள்வி அவளுக்குப் பழகிப்போன கேள்வி. "ஆக்குன எலும்பு ஊசியாட்டம் ஒடையும்க்கா, கொடலக் கிழிச்சிடும். பச்ச எலும்பு மெத்துனு நொறுங்கும். அதுக்கு எங்க போனாலும் ஆக்குன சோறு ஒத்துக்கல, சொறியா வந்துது. எல்லா நாய்க்கும் இதான் செரின்னு நான் சொல்ல மாட்டன். இதுக்கு இதான் ஆவுது."

"ரெண்டு சட்டி வச்சிருக்கற?"

"நாளிக்கு இதுக்கு ஒண்ணியும் கெடையாது, அதான் இன்னிக்கு ரெண்டு பங்கு. மாசத்துல ஒருநாளு வவுத்தக் காயப் போடணும். தேதி எனுக்கு மறந்து மறந்து பூடுது, அதான் அமாவாசன்னு வச்சிக்கினன்."

நாய் அமாவாசை விரதம் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகும் ஒருத்தி சந்தேகப்படாமல் இருந்தால் அவள் மனுஷியே இல்லை என்று மங்கைக்குத் தோன்றியது. அதைவிட, எதைக் கேட்டாலும் ஷோபனா பதில் வைத்திருந்தாள். தடுமாறாமல் பதில் சொல்கிறவளை எப்படி நம்புவது?

மறுநாள் அமாவாசையன்று விடிந்ததும் குளியலறைச் சுவரோரம் போய்ப் பார்த்தாள். மண் கிளறிக் கிடந்தது. கோழிக் கழுத்து ஒன்று, பூசணித் துண்டு இரண்டு, மஞ்சள் பூசிய ஈரல்.

மங்கை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தின வாரம்தான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். குழந்தை எடை குறைவாக இருக்கிறது, தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். முருங்கைக்கீரையும் முட்டையும் பேரீச்சம்பழமுமாக மங்கை ஊட்டாத குறைதான். தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றே பஜாருக்குப் போய் உமர் பாரூக் கடையில் நின்றாள். அமாவாசையானதால் கடையில் ஆள் இல்லை. அவர் வெட்டுக்கட்டையை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், எங்க ஓரகத்தி உங்ககிட்ட இன்னா வாங்குது?"

"நாய்க்கு வாங்கும்க்கா. கழுத்து, காலு, ஈரல் கொஞ்சம். இன்னிக்கு அறுத்ததா, தண்ணில ஊறுனதான்னு நூறு கேள்வி கேக்கும். பிரியாணிக்கு வாங்குறவங்க கூட அப்டிக் கேக்க மாட்டாங்க."

"எந்த நாள்ல நெறைய வாங்கும்?"

"அமாவாசைக்கு மொத நாளு. ஏன்னா எனக்கும் மறுநாள் யாவாரம் கெடையாது, அதான் ஞாபகம் இருக்குது." கையைத் துடைத்துக்கொண்டு மங்கையின் முகத்தைப் பார்த்தார். "இன்னாக்கா, எதுனா பிரச்சனையா? நல்ல பொண்ணுக்கா அது."

"நல்ல பொண்ணுதான் பாய்" என்றாள் மங்கை. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறினாள். படிக்கட்டு வரைக்கும் கூட்டம். வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வியர்வையும் கலந்த வாசனையில் ஒற்றைக்காலில் நின்றபடி போய்ச் சேர்ந்தாள். கோயிலில் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு, ஊருக்கு வெளியே கொட்டகையில் உட்கார்ந்து குறி சொல்கிற காத்தாயியிடம் போனாள். முறை வருகிற வரைக்கும் காத்தாயியின் மருமகளிடம் மனசு தாளாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மருமகள் நடுவில் ஒருதரம் எழுந்து உள்ளே போய் வந்தாள்.

காத்தாயி கண்ணை மூடிச் சொன்னாள். "கட்டு வாசப்படில இல்ல. தண்ணி பொழங்குற எடத்துல இருக்குது. வெளியாளு இல்ல, ஒரே கூரைக்குக் கீழ. ரெண்டு கையி வைக்குது, நாலு காலு காவலு காக்குது. நாலு காலு இருக்கற வரிக்கும் கட்டு அவுறாது."

மங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. ஒரு வார்த்தை கேட்காமலே இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று வழியெல்லாம் அதிசயப்பட்டுக்கொண்டு வந்தாள்.

சித்திரை அமாவாசை நெருங்கியது. மணிமொழிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. இந்த அமாவாசை தன் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது என்று மங்கை தீர்மானம் பண்ணிவிட்டாள். நெல்லில் குருத்துப் பூச்சிக்குப் போட வைத்திருந்த குருணை மருந்து மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் இருந்தது. அமாவாசைக்கு முந்தின நாள் உமர் பாரூக் கடையில் அவளே ஒரு கோழிக் கழுத்து வாங்கினாள். சந்தேகம் வராமல் இருக்க மஞ்சளும் எண்ணெயும் தடவி, தோலுக்குள் குருணையைத் திணித்தாள். கோழிக் குழம்பு வைத்த கைதான், எத்தனையோ கழுத்து அரிந்த கைதான். ஆனாலும் குருணை கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது.

நடுப்பகல். அரிகிருஷ்ணன் கொல்லையில் இருந்தான். மணிமொழி உள்ளே ஃபேனுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷோபனா சோக்குக்கு இரண்டு பங்கையும் வைத்துவிட்டு, அனந்தபுரத்தில் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். சந்து வழியாக மங்கை கோழிக் கழுத்தை நீட்டியதும் சோக்கு எழுந்து வந்தது. அவளைப் பார்த்து வாலை ஆட்டியது. மணிமொழியின் அம்மா என்று அதற்குத் தெரியும். முகர்ந்து பார்த்துவிட்டு மெதுவாக வாயில் கவ்விக்கொண்டது.

தின்னவில்லை. அதற்கு வயிறு நிறைந்திருந்தது. கவ்வியபடியே முள்வேலிச் சந்தில் நுழைந்து, மங்கையின் காலை உரசிக்கொண்டு, அவள் வீட்டுப் பின்பக்கத்துக்கு நடந்தது. குளியலறைச் சுவரோரம் தண்ணீர் கசிந்து மண் எப்போதும் ஈரமாக இருக்கிற இடத்தில் நின்றது. கழுத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னங்கால்களால் பரபரவென்று பறித்தது. பள்ளத்தில் கழுத்தைப் போட்டு, மூக்காலேயே மண்ணைத் தள்ளி மூடியது. மூடிவிட்டு, மூக்கில் ஒட்டிய சேற்றோடு மங்கையைத் திரும்பிப் பார்த்தது.

மங்கை நின்ற இடத்திலேயே நின்றாள். முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். செய்வினையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாளைக்குப் பட்டினி என்பதால் இன்றைக்கு இரண்டு பங்கு, தின்ன முடியாததை நாய் ஈர மண்ணில் பதுக்கி வைத்திருக்கிறது. மகளுக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் மண்ணுக்குள் இருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

ஓடிப்போய்க் குனிந்து மண்ணைக் கிளறினாள். பதுக்கி வைத்ததை ஒருத்தர் எடுக்க வந்தால் எந்த நாய் விடும்? சோக்கு குறுக்கே பாய்ந்து கழுத்தைக் கவ்விக்கொண்டது. "வுட்றா, வுட்றா சாமி" என்று மங்கை மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுக்க இழுக்க அது அவசரப்பட்டது. ஒரு கடி, ஒரு முழுங்கு, அவ்வளவுதான். அவள் கையில் தோலில் ஒரு துணுக்கு மட்டும் மிஞ்சியது.

மங்கை கத்திய கத்தலில் மணிமொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அதற்குள் சோக்குவின் வாயில் எச்சில் நூலாக ஒழுக ஆரம்பித்துவிட்டது. பின்னங்கால்கள் இரண்டும் தள்ளாடின. மணிமொழி சித்திக்கு போன் போட்டாள். ஷோபனா காதுகுத்து முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அங்கேயே ஆட்டோ பிடித்து, அதை அப்படியே பின்பக்கம் ஓட்டி வரச் சொல்லி, பட்டுப்புடவையோடு சேற்றில் முட்டி போட்டு நாயின் தலையை மடியில் தூக்கிக்கொண்டாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள்.

"மருந்து எதுவோ தின்னிருக்குது. எதுனு தெரிஞ்சாத்தான்க்கா டாக்டரு மாத்து ஊசி போடுவாரு. தெரியலனா போச்சி. யாருனா பாத்தீங்களா? மணி, நீ பாத்தியா?"

"நான் தூங்கிக்கினு இருந்தன் சித்தி."

ஆட்டோக்காரன் இறங்கி வந்து நின்றான். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். மங்கை வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வயலில் எலிக்கு வைத்ததைத் தின்றது என்று போயிருக்கும். நாயும் போயிருக்கும், பேச்சும் போயிருக்கும். மகள் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"குருணை மருந்து" என்றாள் மங்கை. "நெல்லுக்குப் போட்றது. இப்பதான். கால் மணி கூட ஆவல."

ஷோபனா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மஞ்சளும் எண்ணெயுமாக இருந்தது. மஞ்சளை எண்ணெயில் குழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே ஷோபனாதான். நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மங்கையும் ஏறப் போனாள். "நீங்க வராதீங்க" என்றாள் ஷோபனா.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். மருந்தின் பேர் தெரிந்திருந்ததால் தகுந்த ஊசி போட முடிந்தது. சோக்கு பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நாள் நடையில் ஒரு கோணல் இருந்தது, அப்புறம் அதுவும் சரியாகிவிட்டது.

சரியாகாதது மற்றதெல்லாம்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஷோபனா வேலிச் சந்தில் தகரம் வைத்து அடைத்தாள். தெருவில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளவன் வந்தபோது அவனிடமும் சொல்லவில்லை. அவன் வழக்கம்போல "இன்னா அண்ணி, நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டு லாரி ஏறிப் போனான். மங்கைக்கு அதுதான் தாங்கவில்லை. தெருவில் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், பதிலுக்கு இவளும் அழுதிருப்பாள், ஒரு வழியாக முடிந்திருக்கும். ஷோபனா அவளை எதிரில் பார்த்தால் "கொல்லைக்குப் போறீங்களாக்கா" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போனாள். மணிமொழியும் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. சோறு போட்டால் தின்றாள், தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வைகாசியில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவுதான், ஆனால் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்த அன்று மணிமொழி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "சித்தியாண்ட கொண்டும் போயி காட்டும்மா."

சொல்லாவிட்டாலும் மங்கை போயிருப்பாள். குழந்தையைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். ஷோபனா வாசல் தொட்டியருகே பேசினைக் கழுவிக்கொண்டிருந்தாள். சோக்கு நிழலில் படுத்திருந்தது. மங்கையைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டது.

குழந்தையைக் கண்டதும் ஷோபனாவின் முகம் மலர்ந்தது. அவளுக்கே தெரியாமல் சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் நுரைக்க நுரைக்கக் கழுவினாள். கழுவிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"மூக்கு நம்ம மணி மூக்குக்கா."

"ஆமா. தூக்கு."

ஷோபனா ஈரக் கையோடு நின்றாள். கை நீண்டது, பிறகு மடங்கி முந்தானைக்குள் போய்விட்டது.

"வாணாம்க்கா."

"ஷோபனா, நான் பண்ணது பெரிய பாவம். உங்கால்ல வேணா வுழறன். அன்னிக்கு எம் புத்தி..."

"அதுக்கில்லக்கா. நீங்கதான வாயத் தெறந்து சொன்னீங்க, அதனாலதான் அது உசுரோட இருக்குது. அத்த நான் மறக்கல." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாளிக்கு இதுக்கு ஒரு காச்ச வரும். ஒரு வேள பாலு குடிக்காது. புள்ளன்னா எல்லாம் இருக்கும். அப்ப உங்களுக்கு மொதல்ல என் கைதான் நெனப்பு வரும். நீங்க கெட்டவங்கன்னு சொல்லல. வந்துடும். எனுக்கு அந்தப் பயம் வாணாம்க்கா."

சத்தியமாக வராது என்று சொல்ல மங்கை வாயைத் திறந்தாள். அங்காளம்மன் மேல், மகள் மேல், இந்தக் குழந்தை மேல் ஆணையிட்டுச் சொல்ல அவள் தயாராக இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் குழந்தை தும்மியது. சின்னத் தும்மல்தான், வெயில் கூச்சத்தில் வந்தது. மங்கையின் பார்வை அவளைக் கேட்காமலே ஷோபனாவின் முந்தானைக்குப் போயிற்று, அதற்குள் இருந்த கைகளுக்கு.

ஷோபனா அதைப் பார்த்துவிட்டாள்.

"வெய்யில்ல நிக்காதீங்கக்கா, புள்ள தாங்காது. உள்ள தூக்கிக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு, கழுவிய பேசினை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனாள்.